பச்சிளஞ் சிசுவின் முதல் 28 நாட்கள்

பெரம்பலூருக்குத் தெற்கே சுமார் 5 மைல் தூரத்தில், திருச்சிராப்பள்ளியினின்றும் சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் மீது சிறுவாச்சூர் என்னும் கிராமம் அமைந்துள்ளது. மதுரகாளியம்மன் கோவிலால் இவ்வூரின் பெயர் வெகுதூரம் பரவியிருக்கின்றது. இக்கோவிலின் நடை வழக்கமாய் வாரத்தில் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையுமே திறக்கப்படுவது யாவரும் அறிந்ததே. சுற்றுப்புறக் கிராமங்களின் ஜனங்கள் மானாவாரி நிலத்தில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் முதலியவற்றைப் பயிரிட்டு ஜீவிக்கின்றனர்.

இவ்வூர் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்த முற்காலத்தில், கிராமாந்தரங்களில் பிரசவம் பெரும்பாலும் வீட்டின் ஓர் இருண்ட அறையிலேயே நடைபெற்றது. மருத்துவச்சியின் கைப்பழக்கமே அன்று துணை. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளைப் பதிவு செய்வதற்காகச் சென்னை மாகாணத்தில் 1926-ஆம் வருஷத்தில் சட்டம் இயற்றப்பட்டதாயினும், அத்தகையோர் கிராமங்களை எட்டுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1995-ஆம் வருஷத்தில் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. இன்று சிறுவாச்சூரிலேயே தனலட்சுமி சீனிவாசன் மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. பெரம்பலூரில் அரசாங்கத்தின் மாவட்டத் தலைமை மருத்துவமனை உள்ளது. 108 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் கட்டணமின்றி ஆம்புலன்ஸ் வண்டி வருகின்றது.

இவ்வளவு வசதிகள் ஏற்பட்ட பின்னர் சிசு ரக்ஷணத்தைப் பற்றிக் கிராமவாசிகளுக்குப் பாடம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். காரணம் யாதெனில், சிசு ஆஸ்பத்திரியில் இருப்பது சில நாட்களே. சுகப் பிரசவமாயின் இரண்டு மூன்று நாட்களில் அது வீடு திரும்பி விடுகின்றது. முதல் 28 நாட்களில் எஞ்சியவை யாவும் வீட்டிலேயே கழிகின்றன. அந்நாட்களில் சிசுவின் உடலில் தோன்றும் மாறுதலை முதன்முதற் காணக்கூடியவர்கள் தாயும், பாட்டியும், மற்ற வீட்டாருமே. அவர்கள் கண்டறிந்தாலன்றி, அருகிலுள்ள ஆஸ்பத்திரியும் தூரத்திலுள்ளதேயாகும்.

அபாயம் எக்காலத்தில் உள்ளது

2022-ஆம் வருஷத்தில் உலகெங்கும் சுமார் 23 லட்சம் சிசுக்கள் பிறந்த முதல் மாதத்திலேயே மாண்டன. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளின் மரணங்களில் ஏறக்குறைய பாதி இதுவேயாகும். முதல் மாத மரணங்களிலும் சுமார் முக்காற்பங்கு முதல் வாரத்தில் நேர்கின்றது. தமிழ்நாட்டில் 2020-ஆம் வருஷக் கணக்கின்படி, உயிருடன் பிறந்த ஒவ்வோர் 1,000 குழந்தைகளில் 13 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன. அப்பதின்மூன்றில் 9 முதல் 28 நாட்களிலேயே இறந்தன. இந்தியா முழுமைக்கும் அவ்வருஷத்தில் முதல் 28 நாட்களின் மரணம் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்தது. தமிழ்நாடு பெரிதும் முன்னேறியிருப்பினும், எஞ்சியுள்ள மரணங்களில் பெரும்பாலானவை இம்முதல் மாதத்திலேயே குவிந்துள்ளன என்பது இதனால் விளங்கும்.

இம்மரணங்களுக்கு முக்கிய காரணங்கள், குறைமாதத்தில் அல்லது குறைந்த எடையுடன் பிறத்தல், பிறக்கும்போது மூச்சுத் திணறல், கிருமிகளால் உண்டாகும் நோய், பிறவிக் கோளாறு ஆகியவை. இவற்றுட் பலவற்றை எளிய முறைகளால் தடுக்கலாம்.

முதல் நிமிஷம்

பிறக்கும் சிசுக்களில் பத்தில் ஒன்றுக்கு மூச்சு விடத் தொடங்குவதற்குச் சிறிது உதவி தேவைப்படுகின்றது. உலர்ந்த துணியால் துடைத்து, முதுகை மெல்லத் தேய்த்து விடுதலே பெரும்பாலான சிசுக்களுக்குப் போதுமானது. அதன் பின்னும் மூச்சு வராவிடில், பயிற்சி பெற்ற செவிலியர் முகமூடியும் பையும் கொண்ட கருவியால் முதல் நிமிஷத்திற்குள்ளேயே காற்றைச் செலுத்தத் தொடங்குதல் வேண்டும். இக்கருவியும் இப்பயிற்சியும் வீட்டில் கிடையா. எந்தச் சிசுவுக்கு இவ்வுதவி தேவைப்படும் என்பதை முன்கூட்டி எவராலும் நிச்சயமாய்ச் சொல்லவும் முடியாது. ஆகையால் பிரசவம் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆஸ்பத்திரியிலோதான் நடைபெறுதல் அவசியம்.

தலைகீழாய்த் தூக்கிப் பிடித்தல், முதுகில் ஓங்கித் தட்டுதல், முகத்தில் குளிர்ந்த நீர் தெளித்தல் ஆகிய பழைய வழக்கங்கள் தீங்கையே விளைவிப்பனவாகும். தொப்புட்கொடியையும் அவசரமாய் அறுக்கலாகாது. சிசு சுகமாய் இருப்பின் ஒரு நிமிஷமேனும் பொறுத்திருந்து அறுப்பதால், நஞ்சுக்கொடியில் எஞ்சியுள்ள இரத்தம் சிசுவைச் சேர்ந்து பின்னாளில் இரத்தசோகையைத் தடுக்கின்றது.

உஷ்ணத்தைக் காத்தல்

கருப்பையின் வெப்பத்திலிருந்து ஈரத்தோடு வெளிவரும் சிசு சில நிமிஷங்களிலேயே குளிர்ந்து விடும். உடலின் பருமனை நோக்க அதன் தோற்பரப்பு மிகுதி; தலையின் வழியாகவும் உஷ்ணம் வெகுவாய் வெளியேறும். பெரியவர்களைப் போல நடுங்கி உஷ்ணம் உண்டாக்கிக்கொள்ளும் சக்தி அதற்கில்லை. குளிர்ந்த சிசு பால் குடிக்கும் வலிமையை இழக்கின்றது. பால் இறங்காமையால் மேலும் குளிர்கின்றது. கடுங்கோடையிலும் இவ்வபாயம் உண்டு என்பதைப் பலர் அறியார்.

இதற்குப் பரிகாரம் எளிது. பிறந்தவுடன் உலரத் துடைத்து, ஈரத்துணியை அகற்றி, தாயின் மார்பின் மீது தோலோடு தோல் படும்படி கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். சிசுவின் தலைக்குக் குல்லாய் அணிவிக்க வேண்டும். முதல் 24 மணி நேரத்திற்குக் குளிப்பாட்டலாகாது. தோலின் மேல் வெண்ணெய் போலப் படிந்திருக்கும் பூச்சு அழுக்கன்று. அது தோலைக் காக்கும் இயற்கைக் கவசம். அதைத் தேய்த்தெடுத்தல் தவறு. சிசுவின் உடல் உஷ்ணம் 97.7 முதல் 99.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருத்தல் நலம். கருவி இல்லாத வீட்டில் தாய் தன் புறங்கையால் சிசுவின் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டுப் பார்க்கலாம். வயிறு வெதுவெதுப்பாய் இருக்கக் கால் மட்டும் சில்லிட்டிருந்தால் உஷ்ணம் குறையத் தொடங்கிவிட்டதென்றும், வயிறும் சில்லிட்டிருந்தால் அபாயமென்றும் அறிதல் வேண்டும்.

முதற்பால்

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சிசுவுக்குத் தாய்ப்பால் ஊட்டப்பட வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரக்கும் சீம்பால் மஞ்சள் நிறமாயும் கெட்டியாயும் சிறிதளவே இருப்பதால், அதைக் கெட்டுப்போன பால் என்று கருதிப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. கிருமிகளை எதிர்க்கும் சத்துக்கள் சீம்பாலில் மிகுந்துள்ளன. முதல் நாளில் சிசுவின் இரைப்பை மிகச் சிறியது; அதற்குச் சீம்பாலின் சிற்றளவே போதும். சிசு சப்பச் சப்பவே பால் பெருகும். ஆதலால் இரவு பகலென்று பாராமல் ஒரு நாளில் 8 முதல் 12 முறை ஊட்ட வேண்டும். முதல் வாரத்தின் முடிவில் நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்குமாயின் பால் போதுமென்பது தெளிவாகும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரை முதல் சில நாட்களில் குறைதல் இயல்பே. இரண்டு வாரத்திற்குள் அது மீள வேண்டும்.

ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டுவதில்லை. சேனை வைத்தல், சர்க்கரைத் தண்ணீர் புகட்டல், தேன் தடவுதல், கழுதைப்பால் ஊட்டுதல் ஆகியவற்றை விட்டொழித்தல் வேண்டும். தேனில் ஒருவகைக் கிருமியின் விதைகள் இருக்கக்கூடும். அவை சிசுவின் குடலில் வளர்ந்து தசைகளை முடக்குவதுண்டு. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்ற பெயர் வழங்கினும், வசம்பும் சாதிக்காயும் கடுக்காயும் உரைத்த மருந்தைப் பச்சிளஞ் சிசுவின் வாயிலிடுதல் கூடாது. உரைகல்லும் விரலும் சுமந்து வரும் கிருமிகள் அதனோடு உட்சென்று வயிற்றுப்போக்கை விளைவிக்கும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல், சிசுவின் மார்பைப் பிதுக்குதல், தொக்கம் எடுப்பதாய்ச் சொல்லி வாயால் ஊதுதல் ஆகியவையும் இத்தகையனவே. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலிற் சென்று கபவாத சுரத்தை உண்டாக்கக்கூடும். இவற்றைச் செய்த முன்னோர்கள் அன்பினாலேயே செய்தனர். ஆயினும் அன்பினாற் செய்யப்பட்டது என்பதனால் அபாயம் குறைந்துவிடாது.

தொப்புள் சுத்தம்

முற்காலத்தில் அரிவாளாலோ மூங்கிற் சிம்பாலோ கொடியை அறுத்து, அவ்விடத்தில் சாம்பலும் சாணமும் வைத்தனர். மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமி அப்புண்ணின் வழியாய்ப் புகுந்து இரணஜன்னியை உண்டாக்கிற்று. பிறந்த சில நாள் நன்றாய்ப் பால் குடித்த சிசு, பின்னர் வாய் இறுகிப் பால் குடிக்கமாட்டாமல், உடல் வில்லாய் வளைந்து இறந்தது. உலகின் பல பாகங்களில் இந்நோய்க்கு ஏழாம் நாள் நோய் என்ற பொருளுடைய பெயர்கள் வழங்கின. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி இட்டதாலும், சுத்தமான பிரசவத்தாலும், சிசுக்களைப் பீடித்த இந்நோய் பொதுச் சுகாதாரத்தைப் பாதிக்கும் நிலையினின்றும் இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-ஆம் வருஷத்தில் உறுதி செய்யப்பட்டது. பல தலைமுறைகளாய் விதியென்று எண்ணப்பட்ட ஒரு மரணம், விதியன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தொப்புளில் மஞ்சள், எண்ணெய், சாம்பல், மாவு எதையும் இடாமல் உலர விடுவதே சரியான முறை. அது தானே உலர்ந்து ஒன்றிரண்டு வாரங்களுக்குள் விழுந்துவிடும். சிசுவைத் தொடுமுன் எவராயினும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். கை கழுவுதலால் பிரசவ சுரத்தின் மரணம் வெகுவாய்க் குறையும் என்பதை 1847-ஆம் வருஷத்திலேயே வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர் காட்டினார். செலவு மிகக் குறைந்ததும் பலன் மிகப் பெரியதுமான மருந்து இதுவே.

பிறந்தவுடன் இரத்தக்கசிவைத் தடுக்கும் கே வைட்டமின் ஊசியும், 24 மணி நேரத்திற்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும், வீடு திரும்புமுன் காசநோய்த் தடுப்பூசியும் போலியோ சொட்டு மருந்தும் அளிக்கப்படுகின்றனவா என்பதை வீட்டார் கேட்டறிதல் வேண்டும்.

எடை குறைந்த சிசு

பிறக்கும்போது 2 கிலோ 500 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள சிசுவிடத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா தேசத்தின் பொகோட்டா நகரில், 1978-ஆம் வருஷத்தில், உஷ்ணப்பெட்டிகள் போதாமையால் வைத்தியர்கள் எடை குறைந்த சிசுக்களைத் தாயின் மார்போடு தோலொட்டக் கட்டி வைக்கத் தொடங்கினர். கங்காரு என்னும் பிராணி தன் குட்டியைப் பையிற் சுமப்பது போன்றிருந்தமையால் இது கங்காரு முறை எனப் பெயர் பெற்றது. வறுமையினால் பிறந்த இம்முறை இன்று உலகமெங்கும் சிறந்த சிகிச்சையாய் ஏற்கப்பட்டுள்ளது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 கிலோ முதல் 1 கிலோ 800 கிராமுக்குட்பட்ட எடையுள்ள சிசுக்களிடம் நடத்தப்பெற்ற ஆராய்ச்சியின் முடிவு 2021-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கியதால் முதல் 28 நாட்களின் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

இதைத் தாயேயன்றித் தந்தையும் பாட்டியும் செய்யலாம். சிசுவுக்கு அரைத்துணியும் குல்லாயும் மட்டும் அணிவித்து, மார்பின் நடுவே நிமிர்த்தி வைத்து, தலையை ஒருபுறம் திருப்பி, மூக்கு மறையாதபடி புடவையாலோ துண்டாலோ கட்டிக்கொள்ள வேண்டும். சப்பும் வலிமையில்லாச் சிசுவுக்குத் தாய்ப்பாலையே சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சிப் பாலாடையாற் புகட்டலாம். இத்தகைய சிசுவைக் கூட்டமுள்ள இடங்களுக்கு முதல் மாதத்தில் எடுத்துச் செல்லலாகாது. கோவிலுக்கு நேர்ந்துகொண்ட கடனைச் சிசு தேறிய பின் செலுத்தினும் குறைவொன்றுமில்லை.

அபாயக் குறிகள்

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தோன்றினும் அந்த நாழிகையே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்:

1. பால் குடியாமை, அல்லது முன்போலக் குடிக்காமல் தளர்தல்.
2. எழுப்பினாலும் விழியாமை, கை கால் அசைவு குறைதல்.
3. நிமிஷத்திற்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, மூச்சிழுக்கும்போது மார்பின் அடிப்பாகம் உட்குழிதல், முனகல்.
4. உடல் கொதித்தல், அல்லது வயிறும் சில்லிடல்.
5. வலிப்பு.
6. பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் நிறம் தோன்றல், அல்லது எந்நாளிலாயினும் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தல்.
7. தொப்புளைச் சுற்றிச் சிவத்தல், சீழ் வடிதல்.
8. பச்சை நிற வாந்தி, வயிறு உப்புதல், இரத்தக் கசிவு.

மஞ்சள் நிறத்தைப் பற்றி ஒரு சொல். பல சிசுக்களுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் முகத்தில் இலேசாய்த் தோன்றி வாரத்தில் மறையும் மஞ்சள், ஈரல் முதிராமையால் நேர்வது. அது மிகுந்தால் மூளையைக் கெடுத்து, செவிட்டுத்தன்மையையும் முடக்கத்தையும் மரணத்தையும் விளைவிக்கும். இங்கிலாந்தில் ராச்போர்டு ஆஸ்பத்திரியின் செவிலியர் ஒருவர் வெளிச்சம் பட்ட இடத்தில் சிசுவின் மஞ்சள் குறைவதைக் கவனித்ததிலிருந்து, 1950-களில் விளக்கொளிச் சிகிச்சை பிறந்தது. வீட்டில் இளவெயிலிற் காட்டுதல் அதற்கு ஈடாகாது. வேர் கட்டுதலாலும் மந்திரித்தலாலும் காலமே வீணாகும்.

தாமதம் செய்யும் தீங்கு

ஒரு வீட்டை உதாரணமாய்க் கொள்ளலாம். 2 கிலோ 200 கிராம் எடையுடன் ஆஸ்பத்திரியிற் பிறந்த சிசு மூன்றாம் நாள் வீடு திரும்புகின்றது. ஆறாம் நாள் புதன்கிழமை. காலையில் அது வழக்கம்போல் அழவில்லை. "சமர்த்துப் பிள்ளை" என்று வீட்டார் மகிழ்கின்றனர். நண்பகலில் இருமுறை சப்பி விட்டுவிடுகின்றது. "நேற்றுக் குளிப்பாட்டிய அசதி" என்கின்றாள் பாட்டி. மாலையில் கால் சில்லிடுகின்றது. திருஷ்டி என்று சொல்லி மிளகாய் சுற்றப்படுகின்றது. வியாழக்கிழமை காலை தாய் அழத் தொடங்குகின்றாள். நாளை வெள்ளிக்கிழமை நடை திறந்ததும் விபூதி வாங்கி வரலாம் என்று ஒருவர் யோசனை கூறுகின்றார். இவர்களில் எவரும் சிசுவுக்குக் கெடுதல் நினைத்தவரல்லர். ஆனால் சிசுவின் இரத்தத்திற் கலந்த கிருமி வெள்ளிக்கிழமைக்காகக் காத்திராது. புதன்கிழமை நண்பகலில் தொடங்கியிருந்தால் ஊசி மருந்தால் வசப்பட்டிருக்கக்கூடிய நோய், ஒன்றரை நாளில் வைத்தியத்தின் கையை மீறிவிடுகின்றது.

அதே புதன்கிழமை பகலில் கிராம சுகாதாரச் செவிலியர் அவ்வீட்டிற்கு வந்திருந்தால், "பாட்டியம்மா, அழாமலும் குடிக்காமலும் உறங்கும் பிள்ளை சமர்த்துப் பிள்ளையல்ல, சீக்குப் பிள்ளை, வண்டியைக் கூப்பிடுங்கள்" என்றே சொல்லியிருப்பார். அவர் வராத நாளில் அதைச் சொல்ல வேண்டியவர் பாட்டியேயாவார். பிரார்த்தனையை ஆம்புலன்ஸ் வண்டியில் அமர்ந்தும் செய்யலாம். வழியில் சிசுவைத் தாயின் மார்போடு அணைத்தே கொண்டு செல்ல வேண்டும். குளிர்ந்த சிசுவுக்கு அதுவே முதற்சிகிச்சை. 2011-ஆம் வருஷத்தில் தொடங்கிய திட்டத்தின்படி அரசாங்க மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளஞ் சிசுவின் சிகிச்சையும் மருந்தும் போக்குவரத்தும் இலவசம். ஆகையால் கையில் பணமில்லை என்று தயங்க வேண்டுவதில்லை.

கட்சிரோலி காட்டிய வழி

வீட்டாரும் கிராமத்தாரும் சிசுவைக் காக்க இயலுமா என்ற சந்தேகத்தை மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி ஜில்லா தீர்த்து வைத்தது. அங்கே அபய் பங், ராணி பங் என்னும் வைத்தியத் தம்பதிகள் 39 கிராமங்களில், அவ்வக்கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சியளித்தனர். அப்பெண்கள் வீடு வீடாய்ச் சென்று சிசுவை எடையிட்டனர், மூச்சை எண்ணினர், உஷ்ணம் காக்கக் கற்பித்தனர், கிருமி நோய் கண்டபோது மருந்தும் அளித்தனர். மூன்றாம் வருஷத்தில், இவ்வுதவி பெறாத கிராமங்களோடு ஒப்பிட, சிசு மரணம் சுமார் 62 சதவீதம் குறைந்தது. இம்முடிவு 1999-ஆம் வருஷத்தில் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. அங்கே புதிய கட்டடம் எதுவும் இவ்வுயிர்களைக் காக்கவில்லை. கவனிக்கப் பயின்ற கண்களே காத்தன.

இதையொட்டி 2011 முதல் இந்திய அரசாங்கம் வீடு தேடிச் சென்று சிசுவைப் பார்க்கும் முறையை நாடெங்கும் ஏற்படுத்தியது. ஆஸ்பத்திரியிற் பிறந்த சிசுவை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் பார்க்க வேண்டுமென்பது அதன் விதி. அந்நாட்களில் செவிலியர் வருவதை வீட்டார் எதிர்பார்த்திருந்து, சிசுவை எடையிடச் சொல்லிக் கேட்பது அவர்களது உரிமையும் கடமையுமாகும்.

ஞாபகத்திற் கொள்ள வேண்டியவை

பிரசவம் ஆஸ்பத்திரியில், துடைத்துத் தாயின் மார்பில் அணைப்பு, ஒரு மணிக்குள் சீம்பால், ஒரு நாள் வரை குளிப்பாட்டாமை, தொப்புளில் ஒன்றும் இடாமை, கை கழுவுதல், எடை குறைந்த சிசுவுக்குக் கங்காரு அணைப்பு, அபாயக் குறி கண்டவுடன் 108. இவை எட்டும் எழுத்தறியாதாரும் மனனம் செய்யத்தக்கவை. கிராமத்தின் படித்த இளைஞர்கள் இவற்றைத் தத்தம் வீட்டுப் பாட்டிமாருக்கு முதலிற் படித்துக் காட்டுவாராக. ஏனெனில், சிசு நோயுற்ற நாளில் வீட்டில் முதல் வார்த்தை பெரும்பாலும் பாட்டியின் வார்த்தையே. அவ்வார்த்தை "பொறுத்துப் பார்ப்போம்" என்றிராமல் "புறப்படுங்கள்" என்றிருக்குமாயின், அருகிலுள்ள ஆஸ்பத்திரி உண்மையாகவே அருகிலுள்ளதாகும்.